நிற்கிறவனுக்கு ஒரு பெட்டி

காலையில் பள்ளி அலுவலகத்தைத் திறந்து, கணினி உயிர்பெறக் காத்திருந்த நேரத்தில் கோயில் தலைவர் தங்கராஜு அழைத்தார். "கிராணிம்மா, ஒரு கெட்ட சேதி," என்றார். யார், எப்போது, எப்படி என்று எதுவும் கேட்பதற்கு முன்னால் என் வாய் தானாகவே கேட்டது: "சண்முகம் அண்ணனுக்குச் சொல்லியாச்சா?" நம் வட்டாரத்தில் ஒரு சாவு என்றால் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி அதுதானே. பெட்டி, வேன், பூ, பந்தல் எல்லாம் அவர் பொறுப்பு. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை "ஹலோ" என்றேன். "போனதே அவருதாம்மா," என்றார் தலைவர்.

அன்று கடையின் பின்கட்டில், பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறார். நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி சரோஜா அக்கா, தூங்குகிறார் என்று நினைத்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார். இதை அக்கா என்னிடம் சொன்னபோது எனக்கு வந்த அழுகையை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

திருவிழா மலருக்கு அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று கோயில் கமிட்டி என்னிடம் கேட்டது. பள்ளியில் குமாஸ்தா வேலை பார்ப்பதால் ஊர் என்னைக் கிராணிம்மா என்கிறது. கிராணி என்றால் எழுதித்தானே ஆக வேண்டும். இதைப் படிக்கப்போகும் உங்களில் பாதிப் பேரின் வீட்டுக்கு அவர் வந்திருக்கிறார், வரக்கூடாத நாளில் வந்திருக்கிறார். அதனால் அவர் முகத்தை நினைத்தாலே உங்களுக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். எனக்குத் தெரிந்த சண்முகம் அண்ணன் வேறு மாதிரி. அந்த ஆளைக் கொஞ்சம் உங்கள் முன்னால் கொண்டுவர முடிகிறதா என்று பார்க்கிறேன்.

கோலசிலாங்கூரில் கைப்பேசிக் கடைக்கும் கோழி விற்கும் கடைக்கும் நடுவில் அவருடைய கடை. பெயர்ப்பலகையில் இறுதிச் சடங்குச் சேவை என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கும். ஊர் வைத்த பெயர் பெட்டிக்கடை. தமிழ்நாட்டிலிருந்து சாப்பாட்டுக் கடை வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர், பெட்டிக்கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு சிகரெட் வாங்க அங்கே போய்விட்டார். உள்ளே சுவரோரம் வரிசையாக நின்ற பெட்டிகளைப் பார்த்து மனிதர் வெலவெலத்துப் போனாராம். அண்ணன் எழுந்து வந்து, "வாங்க தம்பி, இங்க சிகரெட் கிடையாது. ஆனா அதைக் குடிச்சிக்கிட்டே இருந்தீங்கன்னா நேரா இங்கதான் வருவீங்க," என்று சொன்னதாக அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பூப்போட்ட பாத்தேக் சட்டைதான் எப்போதும் போடுவார். சாவு வீட்டுக்கு மட்டும் வெள்ளை. குரலோ ஒலிபெருக்கி. பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாலும், "என்னா வேலை செய்றீங்க?" என்று யாராவது கேட்டால், "சவப்பெட்டி செய்றேன்!" என்று நாலு கடைக்குக் கேட்கிற மாதிரிதான் பதில் வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வாய் மூடிவிடும். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று நாம் சொல்வதில்லை. அவருக்கு வாழ்க்கை முழுவதும் அப்படிப்பட்ட வீடுகள்தான் என்பதால் அந்தச் சொல்லே பழக்கம் விட்டுப் போயிருந்தது. என் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்து, அரசியல் பேசி, என் சமையலைக் குறை சொல்லிவிட்டு, பேச்சின் நடுவில் சட்டென்று எழுந்து போய்விடுவார். முதல் தடவை கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

அப்படிப்பட்ட சத்தக்காரருக்குள் ஓர் ஆசை இருந்தது. நம் கோயிலில் எதைத் தொட்டாலும் அதில் உபயம் என்று ஒரு பெயர் இருக்கும். குழல்விளக்கில் ஒரு பெயர், நாற்காலி முதுகில் ஒரு பெயர், செருப்பு வைக்கும் தட்டில்கூட ஒரு பெயர். தன் பெயரும் அப்படி ஒரு பொருளின்மேல் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு வருஷம் பெரிய மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கமிட்டியும் வாங்கிக்கொண்டது. ஆனால் சாவுப்பெட்டிக்காரர் பெயர் சாமி தலைக்கு மேலே சுற்றுவதா என்று யாரோ முனக, விசிறியில் இப்படி எழுதி மாட்டினார்கள்: உபயம், பெயர் குறிப்பிட விரும்பாத அன்பர். அதைப் பார்த்துவிட்டு நேராக என் அலுவலகத்துக்கு வந்தார். "நான் எங்க கிராணிம்மா விரும்பாம இருந்தேன்? விரும்பாதது அவங்க லா!" என்று கத்தினார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் திருவிழாவில் கோயிலுக்குள் வரவில்லை. வாசலுக்கு வெளியே, செம்பனை மரங்கள் ஆரம்பிக்கும் சாலையோரத்தில் நின்றபடியே கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டால், "இங்கேருந்தே நல்லாத் தெரியுதும்மா," என்பார்.

இனிமேல்தான் விளக்குப் பெட்டியின் கதை வருகிறது. நம் முனீஸ்வரர் கோயிலில் பட்டாளத்து விளக்கு ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். மலாயாவில் அவசரகாலம் போட்டுக் கம்யூனிஸ்டுகளைத் தேடிய நாளில், நம் தோட்டத்தை ஒட்டி முகாமிட்டிருந்த வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போனது என்பார்கள். பச்சைச் சாயம் பூசிய, மண்ணெண்ணெயில் எரியும் பம்ப் விளக்கு. எண்ணெய்த் தொட்டியில் பட்டாளத்து அம்புக்குறி இன்னும் அழியாமல் இருக்கிறது. ரதத்துக்கு முன்னால் அந்த விளக்கு போனால்தான் முனி அசைவார் என்று நம்மவர்கள் நம்புகிறார்கள். ரதத்தைச் சுற்றி எத்தனை வண்ண விளக்கு மின்னினாலும் சரி, முதலில் போவது அதுதான். திருவிழா முடிந்ததும் அதைச் சாமான் அறையில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டிக்குள் போட்டு வைப்பார்கள். சாமான் அறைச் சாவி என் பொறுப்புக்கு வந்த வருஷம் திறந்து பார்த்தால், எலி அட்டையைத் தின்று, விளக்கு உருண்டு, கண்ணாடி உடைந்து கிடக்கிறது. அதே அளவில் வேறு கண்ணாடி கிடைப்பதற்குள் என் உயிர் போய் உயிர் வந்தது. இனி இதை மரப்பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று முடிவுசெய்து, பலகை வைத்திருப்பவர் யார் என்று யோசித்தேன். வேறு யார் முகம் வரும்?

கடைக்குப் போய், "அண்ணே, ஒரு பெட்டி வேணும்," என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு, தணிந்த குரலில், "உக்காரும்மா. யாரு? எப்போ?" என்றார். விளக்குக்கு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மனிதர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக் கோழிகள் எல்லாம் கூவ ஆரம்பித்துவிட்டன. சிரித்து ஓய்ந்தபிறகு, "எங்கிட்ட பெட்டி வாங்கினவன் எவனும் நல்லாருக்குன்னு சொன்னதில்லம்மா. இதையாச்சும் திறந்து மூடிப் பார்ப்பீங்கள்ல?" என்று கேட்டார். பார்ப்போம் என்றேன். விளக்கைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

பெட்டி தயார் என்று தகவல் வந்ததும் ஆசையாகப் போனேன். மெராந்திப் பலகையில் இழைத்து இழைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளைச் சாட்டின் துணி சுருக்கம் வைத்துத் தைத்திருந்தது. அதன்மேல் பட்டாளத்து விளக்கு மல்லாந்து படுத்திருந்தது. தலைமாட்டில் ஒரு குட்டித் தலையணை! எனக்குச் சிரிப்பதா, அவரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. "அண்ணே, விளக்கு நிக்கிற பொருள் அண்ணே," என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். "எங்கிட்ட வர்றவங்க யாரும் நின்னதில்லையேம்மா," என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொட்டியில் மிச்சமிருந்த மண்ணெண்ணெய் மூடி வழியாகக் கசிந்து தலையணையை நனைத்தது. உள்கட்டிலிருந்து சரோஜா அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "பொணத்துக்கே இவ்ளோ சொகுசு செஞ்சதில்ல இந்த மனுசன்," என்றார் அக்கா.

இரண்டாவது பெட்டி செய்யும்போது நான் பக்கத்தில் இருந்தேன். பள்ளி விடுமுறை. மறுபடியும் தலையணை வைத்துவிடுவாரோ என்கிற பயமும் கொஞ்சம் உண்டு. இந்தத் தடவை விளக்கை மேசைமேல் நிற்கவைத்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவருடைய அளவு நாடா பழக்கத்தில் குறுக்கே படுக்கப் போகும். தன் கையைத் தானே தட்டி நிமிர்த்திக்கொள்வார். முன்பக்கம் அலமாரிபோலக் கதவு. அடியில் ஒரு தடித்த பலகையில் வட்டமாகக் குடைந்து, எண்ணெய்த் தொட்டி அதற்குள் அசையாமல் உட்காரும்படி செய்தார். விளக்கின் உச்சியிலிருக்கும் தகரத் தொப்பியைப் பிடித்துக்கொள்ள மேலே இன்னொரு வட்டம், அதைச் சுற்றி மெத்தென்று கம்பளித் துணி. பக்கவாட்டில் மாற்றுக் கண்ணாடிக்கும், பற்றவைக்கும் ஸ்பிரிட் புட்டிக்கும், அடைப்பெடுக்கும் ஊசிக்கும் சின்னச் சின்ன அறைகள். மூலைகளை நம் விரல்களைக் கோத்துக்கொள்வதுபோல ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தார். ஓர் ஆணிகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "ஆணி அடிச்சா அது அந்தப் பெட்டி ஆயிடும்மா. கோயிலுக்குப் போறதுல அந்தச் சத்தமே இருக்கக் கூடாது," என்றார்.

அன்று மத்தியானம் மரத்தூளுக்கு நடுவில் உட்கார்ந்து அவர் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நான் எவ்ளோ இழைச்சாலும் சாயங்காலம் எரிஞ்சு போயிடும்மா. ஒரு வேலையாச்சும் மறுநாள் காலைல போய்ப் பார்த்திருக்கேனா? பார்த்தா சாம்பலு. என் பேத்தி கேட்டா, தாத்தா செஞ்சதுன்னு காட்ட ஒண்ணு இருக்கா எங்கிட்ட?" எப்போதும் ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவர் இதை மட்டும் பலகையிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். பெட்டியின் மேல்பலகையில் ஒரு கைநீளத்துக்கு வழவழவென்று தேய்த்து, எண்ணெய் பூசாமல் விட்டிருந்தார். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, பெயர் எழுத இடம்.

பெட்டியைக் கமிட்டிக் கூட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன். எல்லோரும் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். பூசாரி வேலு வட்டத்துக்குள் விரலை விட்டு, "அடேயப்பா," என்றார். யார் செய்தது என்று கேட்டார்கள். சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டிருந்த தலைவரின் கை மெதுவாக விலகியது. "தப்பா நினைக்காதீங்க கிராணிம்மா. நல்ல மனுசன்தான். ஆனா சாவுப்பெட்டி செய்யுற கையி. சாமிப் பொருளை அதுக்குள்ள வெச்சு நாளைக்கு ஒண்ணுன்னா ஊருக்கு யார் பதில் சொல்றது?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்க அம்மாவை வீட்டுலேருந்து தூக்குனதும் அதே கைதான் தலைவரே. அன்னைக்கு அந்தக் கையைத்தானே புடிச்சிக்கிட்டு அழுதீங்க," என்றேன். தலைவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை; அவரே எழுதச் சொல்லித்தான் எழுதுகிறேன். இடத்தைக் காலிசெய்யச் சொன்னதால் ஏற்கெனவே ஒரு தடவை மாறிய கோயில். எது நடந்தாலும் முதலில் ஏச்சு வாங்குகிறவர் அவர். பயப்பட அவருக்கும் காரணம் இருந்தது.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். பெட்டி இருக்கட்டும், சாமான் அறையில்தானே இருக்கப்போகிறது. பெயர் மட்டும் வேண்டாம். இதை அண்ணனிடம் போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கத்துவார், கமிட்டியைக் கிழிகிழியென்று கிழிப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். கத்தவில்லை. "பெட்டிய வெச்சிக்கிட்டாங்கள்ல?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ சரிம்மா," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த வருஷத் திருவிழாவை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இருட்டத் தொடங்கியதும் பெட்டிக் கதவைத் திறந்து விளக்கை எடுத்தோம். அன்று பெட்டிக்குள் வைத்தது வைத்தபடி, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. பூசாரி பற்றவைத்துப் பம்ப் அடித்ததும் உஸ் என்ற சத்தத்தோடு வாசல் பகலாகிவிட்டது. ஆனால் அந்த விளக்கின் வெளிச்சமெல்லாம் மேண்டல் என்கிற வெள்ளை வலையிலிருந்துதான் வருகிறது. ஒரு தடவை எரிந்துவிட்டால் அது வெறும் சாம்பல் கூடு. விளக்கை வேகமாக ஆட்டினாலே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். வழக்கமாகத் தூக்குகிற ஆள் நல்ல பலசாலி. பலசாலிகளுக்கே உரிய தடதட நடை. முதல் திருப்பத்திலேயே ஒரு குழியில் கால் வைத்தார். மேண்டல் உதிர்ந்தது. விளக்கு அணைந்தது, ரதம் நின்றது. கூடவே தூக்கிவந்த பெட்டியிலிருந்து மாற்று மேண்டல் எடுத்துப் போட்டு எரித்து, நாலு எட்டு வைப்பதற்குள் அதுவும் போனது. கூட்டத்தில் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு முனியப்பா முனியப்பா என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு மேண்டல். போக வேண்டியதோ செம்பனைக் காட்டைச் சுற்றி வரும் மண்சாலை முழுவதும்.

தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியைப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சாவுப்பெட்டிக்காரன் கை பட்டதால்தான் என்று அடுத்த நிமிஷம் யாராவது வாய் திறந்திருப்பார்கள். பூசாரி வேலு அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடைசி மேண்டலை எரித்து, விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, சாலையோரமாகப் பார்த்துக் கூப்பிட்டார். "சண்முகம் அண்ணே, இங்க வாங்க. விளக்க நீங்க தூக்குங்க." கூட்டம் முழுக்கத் திரும்பியது. செம்பனை மரத்தடியில் பூப்போட்ட சட்டையில் நின்றிருந்தவர், தன்னைத்தான் கூப்பிடுகிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அவரா?" என்றார் தலைவர்.

"பின்ன வேற யாரு தலைவரே? எத்தன பேரைத் தூக்கிட்டுப் போயிருக்காரு. ஒருத்தராச்சும் அசைஞ்சி எழுந்திருச்சாங்களா?" என்றார் பூசாரி.

அந்த நேரத்திலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. கிட்டே வந்தார். எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். யாரும் கேட்காமலே, "குளிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்," என்றார். குனிந்து விளக்கின் வளையத்தைப் பிடித்தார். முழங்காலை லேசாக மடக்கி, தோளை ஆட்டாமல், பாதத்தைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரையும் கடைசியாகச் சுமந்துபோன நடை அதுதான். இதற்கு முன் நாம் கண்ணீரோடு பார்த்ததால் அதைக் கவனித்ததில்லை. குழி வந்தது, தகரப் பாலம் வந்தது, லோரி போய்ப் போய்ச் சேறான இடம் வந்தது. வெளிச்சம் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. ரதம் சுற்றி வந்து கோயில் வாசலில் நின்றபோது மேண்டல் முழுசாக எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் வாசல்படியில் நின்றுவிட்டார். "உள்ள கொண்டாங்க அண்ணே, விளக்கு உள்ளதான வரணும்," என்றார் பூசாரி. பல வருஷங்களுக்குப் பிறகு அவர் படி ஏறினார்.

அடுத்த வருஷத்திலிருந்து விளக்குத் தூக்க வேறு யாரையும் யாரும் கேட்கவில்லை. சுங்கை பஞ்சாங்கிலிருந்து திருவிழாவுக்கு வருகிறவர்கள்கூட, விளக்குக்காரர் வந்துவிட்டாரா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். ஆனால் பெட்டியின்மேல் பெயர் எழுதும் விஷயம் மட்டும் நகரவில்லை. நான் ஒவ்வொரு கூட்டத்திலும் எடுப்பேன். "எழுதலாம் லா, அடுத்த வருஷம் பெயின்ட் அடிக்கும்போது சேர்த்து எழுதிடலாம்," என்பார் தலைவர். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். ஒருநாள் நான் வருத்தப்பட்டுப் பேசியபோது அண்ணன் என்னை அதட்டினார். "விடும்மா. பெட்டிய திறந்து மூடுறாங்கள்ல? மறுநாளு காலைல போய்ப் பார்த்தா அங்கயே இருக்குல்ல? அது போதும்," என்றார். அவருக்கு அது போதவில்லை என்று எனக்குத் தெரியும். மேல்பலகையின் அந்த வெற்றிடத்தை அவர் ஒவ்வொரு திருவிழாவிலும் உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போவார்.

அவருடைய சாவுக்குப் பெட்டியைச் சரோஜா அக்காதான் தேர்ந்தெடுத்தார். அவர் கையால் செய்து சுவரோரம் நிறுத்தி வைத்திருந்ததில் ஒன்று. புக்கிட் செந்தோசாவிலிருந்து மகள் வந்து சேர்ந்ததும் எடுத்தார்கள். இத்தனை வருஷம் எல்லோரையும் தூக்கியவரைத் தூக்குவதற்கு யார் முன்னால் வருவார்கள் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். தங்கராஜு தலைவர் சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, தலைமாட்டுப் பக்கம் போய் நின்றார். அதுவரை யாரையும் தூக்கியறியாத தோள். படி இறங்கும்போது தடுமாறினார், பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "ஆட்டாதீங்க! முழங்காலை மடக்கி நடங்க!" என்று கத்திவிட்டேன். சாவு வீட்டில் இப்படியா என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் முழங்காலை மடக்கினார். அழுதுகொண்டே, ஆட்டாமல், வேன்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கருமாதி முடிந்து கூடிய முதல் கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. தலைவரே எழுந்து, பெட்டியில் பெயர் எழுத வேண்டும் என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. உபயம், அமரர் திரு. சண்முகம் என்று எழுதலாம் என்று முடிவானது. எழுதுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சரோஜா அக்காவிடம் போனோம். அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "கடை பேரு எங்க?" என்றார். தலைவர் சங்கடப்பட்டு, "அது எதுக்கு அக்கா, மரியாதையா இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தார்.

"பெட்டிக்கடை சண்முகம்னு எழுதுங்க," என்றார் அக்கா. "இந்த ஊர்ல எத்தனையோ சண்முகம் இருக்காங்க. அந்தப் பேரை எடுத்துட்டா, இவருதான்னு முனிக்கு எப்படித் தெரியும்?"

அப்படியே எழுதினார்கள். சிவப்பு எழுத்து, அவர் வழவழவென்று தேய்த்து விட்டுப்போன இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஈரம் காய்வதற்கு முன்னால் தலைவர் தொட்டுப் பார்த்துவிட்டார். அவர் விரலில் ஒட்டிய சிவப்பை வேட்டியில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சாமான் அறைச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பட்டாளத்து விளக்கைப் பார்க்க வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். படம் எடுக்கிறார்கள், அம்புக்குறியைத் தடவிப் பார்க்கிறார்கள். சண்முகம் அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அவருடைய சத்தத்தை. விளக்கைக் காட்டும் முன்பு பெட்டியைக் காட்டுகிறேன். யார் செய்தது என்று அவர்கள் கேட்கும்வரை நான் காத்திருப்பதில்லை. "சவப்பெட்டி செய்றவரு செஞ்சது!" என்று, வெளியே சாலையோரம் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொல்கிறேன்.